என் மூச்சுக்கு முறை வைத்தவர்கள்

மாதா பிரார்த்தனை தொடங்கினாலே எனக்கு இன்றும் மூச்சு வாங்கும். கோயிலில் பக்கத்தில் நிற்பவர்கள் பக்தி மிகுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்தி மிகுதியெல்லாம் இல்லை. ஒரு கறுப்பு ரப்பர் பையும் அதை அமுக்கிய கைகளும்தான் காரணம். ஆஸ்பத்திரியில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம் இத்தனை வருடமும் "கிடந்தேன்" என்று ஒரே வார்த்தை சொல்லித் தப்பித்து வந்தேன். இப்போது எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு அதே வியாதி. அவள் வீட்டார் வந்து, "டீச்சர், அவளுக்கு உள்ள என்ன நடக்குதுன்னே தெரியல, நீங்க சொல்லுங்க" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் திரேசம்மாள். கன்னியர் நடத்தும் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிறு பூசை முடிந்ததும், புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசப் பாடமும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். என் கணவர் சவரிமுத்து, திருச்சி சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். ஒருவர் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தால்கூடப் பிடிக்காது. என் வேலையை நானே செய்துகொண்டு, யாருக்கும் பாரமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என்னுடைய ஒரே வேண்டுதல்.

காவிரியில் பெரிய வெள்ளம் வந்து வடிந்த வருடம் அது. வெள்ளத்துக்குப் பின் ஊரில் பாதிப்பேருக்கு வயிற்றுப்போக்கு. எனக்கும் வந்தது, கஞ்சி குடித்தேன், போய்விட்டது. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் பாதம் மரத்தது. தெருவில் நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் கோயில் படியேற முடியவில்லை. அதற்கடுத்த நாள் வகுப்பில் சாக்பீஸ் விரலைவிட்டு நழுவி விழுந்தது, குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எழ முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்காக வெகுநேரம் பெஞ்சில் சாய்ந்து கிடந்தேன். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். அன்று வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டவே முடியவில்லையாம். நெற்றியில் திருமண் காயாமல் வந்தார். டாக்டர் ரங்கராஜன் என்று பெயர். ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. அடுத்த காலும் அப்படியே.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டார்.

"முந்தாநாள் பாதம்தான் டாக்டர். நேத்து முழங்கால். இன்னிக்கு இடுப்பு."

"கீழேர்ந்து ஏறிண்டு வரதா" என்று மெல்லச் சொன்னார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு அங்கிருக்கும் நீரை எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு, வயிற்றுக்குள் பிள்ளை சுருண்டிருப்பதுபோல முழங்காலை மடித்துப் படுக்க வேண்டும். என் முழங்கால் எனக்கு மடியவில்லை. இரண்டு நர்சுகள் மடித்துப் பிடித்துக்கொண்டார்கள். வலியைவிட அந்தப் பிடிதான் எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கரண்டு வயர் பாத்திருக்கேளோல்லியோ? உள்ளே செம்பு, மேலே ரப்பர். நரம்புக்கும் அந்த மாதிரி ஒரு உறை உண்டு. உங்க வயத்துல வந்த கிருமியைத் துரத்தப்போன காவக்காரன், ஆள் தெரியாம உங்க நரம்பு உறையையே கடிச்சிண்டிருக்கான். உறை போனா கரண்டு போகாது. தானா வளரும், வளராம இருக்காது. ஆனா நாளாகும்."

"மருந்து?" என்று என் கணவர் கேட்டார்.

"இதுக்குன்னு மருந்து கிடையாது. காத்திண்டிருக்கணும். நெஞ்சுக்கு ஏறாம இருந்தாச் சரி."

"ஏறினா?" என்று நான் கேட்டேன்.

"மூச்சு விடற தசைக்கும் நரம்புதானே கரண்டு" என்றார்.

அன்று முதல் காலையும் மாலையும் ஒரு பரீட்சை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். எவ்வளவு தூரம் எண்ண முடிகிறதோ அவ்வளவு காற்று நெஞ்சில் மிச்சம் என்று அர்த்தம். வாழ்நாள் முழுவதும் எண்களோடு மாரடித்தவள் நான், எண்ணிக்கொண்டே சாக எனக்கு மனம் வரவில்லை. எண்ணுவதற்குப் பதிலாகக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னேன். டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு தடவை கேட்டதும் வழி பழகிவிட்டது. முதல் நாள் ஒரே மூச்சில் ஆமென் வரை போனேன். அப்புறம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் நின்றது. அப்புறம் அன்றாட உணவு கேட்கும் இடத்தில்.

ஒரு மாலை, முதல் வரியிலேயே, 'எங்கள்' என்ற சொல்லோடு மூச்சு தீர்ந்துவிட்டது. அதற்கடுத்த சொல்தான் தந்தை. அங்கே போய்ச் சேர முடியவில்லை. மறுபடி இழுத்துச் சொன்னேன். மறுபடியும் அதே இடம்.

"நேத்திக்கு சாதம் கேக்கற வரைக்கும் வந்தேளே" என்றார் டாக்டர்.

அன்றே பங்குச் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்தார். பழைய காலத்தில் இதற்கு அவஸ்தைப்பூசுதல் என்று பெயர், சாகக் கிடப்பவருக்கு மட்டும்தான் பூசுவார்கள். இப்போது நோயில்பூசுதல் என்று மாற்றி, சுகம் கேட்டுப் பூசுகிறார்கள். அந்த மாற்றத்தை வகுப்பில் பத்துத் தடவை விளக்கியவளே நான்தான். ஆனால் அந்தச் சிமிழைக் கண்டதும் சொல்லிக்கொடுத்த பாடமெல்லாம் பறந்துவிட்டது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, கொஞ்ச நாள் போகட்டுமே" என்று கெஞ்சினார்.

"சவரி, இது சாவுக்கு இல்லப்பா, சுகத்துக்கு."

"தெரியும் சாமி. அவதான் எனக்கே சொல்லிக்குடுத்தா. ஆனாலும் இன்னிக்கு வேணாம் சாமி."

சாமியார் பூசினார். அறைக்கு வெளியே நின்ற என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன் அந்தோணிசாமி, அங்கேயே மண்டியிட்டு ஓவென்று அழுதார். லால்குடியில் நெல் போடுகிறவர். அப்பா இல்லாத வீட்டில் என் கணவரைத் தோளில் போட்டு வளர்த்தவர். அறுவடை நெருங்கிய வயலை ஆட்களிடம் விட்டுவிட்டு, நான் வீடு திரும்பும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார்.

மூச்சு விடும் மிஷின் அந்த ஆஸ்பத்திரியில் அப்போது கிடையாது. மெட்ராசுக்குக் கொண்டுபோனால் விழுப்புரம் தாண்டமாட்டேன் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தொண்டைக்குக் கீழே சின்னத் துளை போட்டு ஒரு குழாயைச் செருகினார்கள். குழாயின் முனையில் ரப்பர் பை. பையை அமுக்கினால் காற்று என் நெஞ்சுக்குள் போகும், விட்டால் வெளியே வரும். நெஞ்சு தானாக வேலை செய்யும் காலம்வரை யாராவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பகலும் இரவும். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் கை அங்கே இருக்க வேண்டும். நிறுத்தினால் நான் இல்லை.

எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் நர்ஸ் வேலை பார்த்த கன்னியாஸ்திரீ சிஸ்டர் பெனடிக்டா, கேரளத்துக்காரர். "நீங்க மூச்சு இழுக்கும்போ அமுக்கணும். நீங்க விடும்போ விடணும். உங்க மூச்சுதான் இவங்க மூச்சு. புரிஞ்சோ?" என்பார். புரியாதவர்களுக்கு முதுகில் ஓர் அடி விழும்.

ஆள் போதவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று இரவு நற்கருணைக்கு முன்னால் விழித்திருக்க எங்கள் பங்கில் தெருத்தெருவாக முறை வைப்பது வழக்கம். இந்தத் தெருவுக்கு இந்த நேரம் என்று பல வருடமாக ஓர் ஒழுங்கு உண்டு. என் கணவரும் மூத்தாரும் அந்த ஒழுங்கையே எழுதிக்கொண்டுபோய்ச் சாமியாரிடம் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் பூசை முடிவில் அவர் அதைப் படித்து, "ஆண்டவர் முன்னால உக்கார்ற மாதிரி டீச்சர் முன்னால உக்காருங்க. அங்க தூங்குற மாதிரி இங்க தூங்கிடாதீங்க" என்றாராம்.

அப்படித்தான் தெருத்தெருவாக எனக்கு மூச்சு வந்தது. வெறுமனே அமுக்க நம் ஜனங்களுக்குத் தெரியுமா? ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார்கள். அருள்நிறை மந்திரத்தின் முன்பாதிக்கு அமுக்கு, பின்பாதிக்கு விடு. அது நன்றாகவே இருந்தது, நிதானமான காற்று. ஐம்பத்துமூன்று மணியும் முடிந்ததும் மாதா பிரார்த்தனை வருமே, அதுதான் என் வினை. அதில் ஒவ்வொரு புகழும் இரண்டு மூன்று வார்த்தை, உடனே ஒரு பதில். அவர்கள் வாய் ஓடிய வேகத்தில் கையும் ஓடியது. எனக்குத் தலை சுற்றி, உதடு விறுவிறுத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிறுத்துங்கள் என்று சொல்லக் குரல் இல்லை, குழாய்க்கு மேலே காற்றே வராதே. சிஸ்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "இனி இந்தக் கட்டில் பக்கத்துல பிரார்த்தனை சொன்னா வெளியே தள்ளுவேன்!" என்று கத்தினார். ஒரு கன்னியாஸ்திரீ மாதா பிரார்த்தனைக்குத் தடை போட்டது திருச்சியிலேயே அன்றுதான் முதல்முறையாக இருக்கும்.

எங்கள் தெருவில் கிடக்கும் அந்தப் பெண்ணின் வீட்டாருக்கு ஒன்று சொல்கிறேன். அவளுக்கு எல்லாம் கேட்கும். எல்லாம் தெரியும். முகத்து நரம்பும் போய்விட்டதால் சிரிக்கவும் வராது, அழவும் வராது, அதனால் உணர்ச்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இமைகூட மூடவில்லை. கண் காயாமலிருக்க மருந்து தடவி ஒட்டுப்போட்டு மூடி வைப்பார்கள், பகலில் கொஞ்ச நேரம் எடுத்துவிடுவார்கள். மூக்கில் ஈ உட்காரும். அது பறக்கும்வரை அதுதான் உலகம். இடுப்புக்குக் கீழே ஒரு துணி மடிப்பு அழுத்தினால் கத்தி குத்துவதுபோல இருக்கும். தலைமாட்டில் நின்று "பிழைக்குமா?" என்று கேட்காதீர்கள். இன்று என்ன குழம்பு, பால்காரன் வந்தானா, அதைச் சொல்லுங்கள். என் கணவர் தினமும் வந்து, கடையில் எந்தச் சைக்கிளுக்கு என்ன கோளாறு என்று சொல்லுவார். இருபது வருடத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடையில் பாதி போனதை மட்டும் சொல்லவே இல்லை.

அவர்தான் என்னைத் துடைத்தார், துணி மாற்றினார், மூக்கில் செருகிய குழாய் வழியே கஞ்சித் தண்ணீர் ஊற்றினார். கடவுளின் பிள்ளைகள் என்றால் யார் என்று கேட்டால், கீழ்ப்படிகிறவர்கள், சுத்தமாயிருக்கிறவர்கள், பொய் சொல்லாதவர்கள் என்று வகுப்பில் வரிசையாகச் சொல்ல வைப்பேன். அந்தக் கட்டிலில் என்னால் கீழ்ப்படியவும் முடியவில்லை, மீறவும் முடியவில்லை. சுத்தம் அடுத்தவர் கையில். பிள்ளை என்றால் முதலில் கையாலாகாதது, அப்புறம்தான் மற்றதெல்லாம். கொடுத்தால் குடிக்கும், தூக்கினால் எழும். இது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. கோபமாக இருந்தது. இப்படித்தான் பிள்ளையாக்குவீரா என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன்.

ஊர்க்கூட்டம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பொங்கல் கழிந்ததும் முறைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். காய்ச்சல், கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை. அவர்களைக் குறை சொல்லவில்லை. வராதவர் முறையையெல்லாம் என் மூத்தாரே செய்தார். அவருடைய கைதான் எனக்கு மிகவும் பிடித்த கை. மூட்டை தூக்கிய கை, ஆனால் பையைப் பூவைப்போலப் பிடிப்பார். அவர் உட்கார்ந்தால் எனக்குப் பயமே இருக்காது.

ஒரு பிற்பகல் அவர் தனியாக அமுக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மாற்ற ஆள் வரவில்லை. என் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். அப்போது பாக்கியம் டீச்சர் உள்ளே வந்தார். முனிசிபல் பள்ளி ஆசிரியை, என் வயதுதான். பரீட்சைப் பேப்பர் திருத்தும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழக்கம். கிழக்குத் தெருக்காரர்.

கிழக்குத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பங்குதான், எங்கள் கோயில்தான். ஞானஸ்நானத் தொட்டி ஒன்று, நற்கருணை ஒன்று. ஆனால் கோயிலுக்குள் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர், அவர்கள் சாவு சுவருக்கு அந்தப் பக்கம். பெரிய வியாழன் முறையிலும் அவர்கள் தெருவுக்கு நேரம் கிடையாது, அவர்கள் தெருவில் இருக்கும் சின்ன மாதா கெபியிலேயே விழித்திருப்பார்கள். அந்தப் பழைய ஒழுங்கை அப்படியே எழுதியதால் என் மூச்சுக்கான முறையிலும் அந்தத் தெரு இல்லை. வேண்டுமென்று விட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுதும்போது யாருக்கும் அது ஞாபகமே வரவில்லை, அதுதான் விஷயம்.

"என்ன பெரியவரே, தனியா இருக்கீங்க?" என்று பாக்கியம் கேட்டார்.

"வர்ற ஆளு வரல. வந்துருவாங்க" என்றார் மூத்தார்.

"எங்க தெருவுக்கு ஏன் முறை வரலன்னு கேக்கத்தான் வந்தேன். சரி, குடுங்க. கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன்."

"வேணாம்மா. நாங்க பாத்துக்குறோம்."

"உங்க கை நடுங்குதே."

"நடுங்கல."

நடுங்கியது. எனக்குத்தானே தெரியும். காற்று பாதிப்பாதியாக வந்தது. பிறகு அவர் விரல்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பையைச் சுற்றி அப்படியே இறுகி நின்றுவிட்டன. அமுக்கவும் வரவில்லை, விடவும் வரவில்லை. என் நெஞ்சு மேலே வரவில்லை. மூத்தாரின் முகத்தில் வேர்வை வழிந்தது. "குடுங்க பெரியவரே!" என்று பாக்கியம் கை நீட்டினார். அவர் தலையை ஆட்டினார். அழுதுகொண்டே ஆட்டினார். நான் செத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிகிறது, என்மேல் உயிரையே வைத்திருக்கிறார், ஆனாலும் அந்தக் கையிடம் கொடுக்க அவர் கை வரவில்லை. சரி என்று சொல்ல எனக்கு நாக்கு இல்லை, கண் சிமிட்ட இமை இல்லை. அப்போது சமத்துவத்தை நினைத்தேன் என்று சொன்னால் பொய். காற்று, காற்று என்று மட்டும்தான் இருந்தது.

சிஸ்டர் உள்ளே ஓடிவந்தார். அதற்குள் பாக்கியம் மூத்தாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டார். அமுக்கினார். நெஞ்சு உயர்ந்தது.

"டீச்சர், கண்ணத் தொறந்தே வெச்சுக்குங்க. யாரு கைன்னு தெரிஞ்சுக்கணும்ல" என்றார்.

மூட முடிந்தால்தானே மூடுவேன். பார்த்துக்கொண்டே கிடந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார், விரலெல்லாம் சிவப்பு மை.

அன்று முதல் கிழக்குத் தெருவிலிருந்து தினமும் சாயங்காலம் ஆள் வந்தார்கள். என் நெஞ்சு தேறும்வரை ஒரு நாளும் தவறவில்லை. அவர்கள் வந்ததும் மூத்தார் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அவர்கள் போனதும் வருவார், துண்டின் நுனியை டெட்டாலில் நனைத்துப் பையைத் துடைப்பார், பிறகுதான் தொடுவார்.

"என்ன துடைக்கிறீங்க?" என்று ஒரு நாள் சிஸ்டர் கேட்டார்.

"கிருமி இருக்கும்ல சிஸ்டர்."

"அப்போ நீங்க பிடிச்ச பிறகு யாரு துடைக்கிறது?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து சிஸ்டர் இல்லாத நேரமாகப் பார்த்துத் துடைத்தார். என் கணவர் அதைப் பார்ப்பார், உடனே தரையைப் பார்ப்பார். நானும் பார்த்தேன். மூத்தார் கொடுத்த மூச்சும் என் நெஞ்சில் இருந்தது, அவர் துடைத்துப்போட்ட மூச்சும் இருந்தது. இது இன்னார் காற்று என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அவரை வெறுக்கவும் முடியவில்லை. நாம் எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று எத்தனை வருடம் பாட்டாகச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! தகப்பன் ஒருவர் என்றால், கூடப்பிறந்தவர்களை நாம் பொறுக்கி எடுக்க முடியாது. எடுத்தால் அவர் நமக்குத் தகப்பன் இல்லை. இவ்வளவு எளிய கணக்கு கணக்கு டீச்சருக்கே படுத்த பிறகுதான் புரிந்தது.

தவக்காலம் தொடங்கியபோது தோள் அசைந்தது. பிறகு ஒரு விரல். பிறகு ஒரு நாள் பை அமுங்குவதற்கு முன்பே என் நெஞ்சு தானாகக் கொஞ்சம் மேலே வந்தது. பையைப் பிடித்திருந்த என் கணவர் அதைக் கண்டு பயந்துபோய் சிஸ்டரைக் கூப்பிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பையை விட்டார்கள், குழாயை எடுத்தார்கள். கழுத்துத் துளையைப் பஞ்சால் மூடி, "சொல்லுங்கோ, சாதம் கேக்கற வரைக்கும் வரேளா பாப்போம்" என்றார் டாக்டர் ரங்கராஜன். என்னுடைய முதல் குரல் கதவு கிறீச்சிடுவதுபோல இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து வீட்டுக்கு வந்தேன். மூச்சும் பேச்சும் திரும்பிவிட்டன, காலும் விரலும் அப்போது இன்னும் திரும்பவில்லை. என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்தால் உட்காருவேன், சோறு ஊட்டினால் சாப்பிடுவேன். மூத்தார் லால்குடியிலிருந்து புது அரிசி கொண்டுவந்து, நன்றிப் பூசை வைத்து, பையைப் பிடித்த எல்லோருக்கும் வீட்டு வாசலில் பந்தல் போட்டு விருந்து வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டு ஒவ்வொருவரையும் இலைக்கு அழைத்தார். என் நாற்காலியைப் பந்தலின் ஓரத்தில் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். சாயங்கால முறைக்காரர்கள் ஒருவரும் இல்லை.

"பாக்கியம் டீச்சர் வரலையா?" என்று கேட்டேன்.

"அவங்க தெருவுக்குத் தனியா அனுப்பியாச்சும்மா" என்றார் மூத்தார். "அண்டாவுல போட்டு, கறியெல்லாம் நெறைய வெச்சுத்தான் அனுப்பினேன். ஒரு குறையும் இல்ல."

"இங்க கூப்பிடலையா?"

"கூப்பிட்டா அவங்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். விடும்மா."

எழுந்து போய்விட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. கால் மரக்கட்டைபோலத் தொங்கியது. ரசவாளியோடு போன என் கணவரைக் கூப்பிட்டேன். "என்னை பாக்கியம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அவர் தூக்கினால்தான் நான் போக முடியும். என் கோபமும் நியாயமும் அவர் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"தம்பி, இலையில உக்காந்தவங்கள விட்டுட்டா போற?" என்றார் மூத்தார்.

என் கணவர் வாளியைக் கீழே வைத்தார். என்னைத் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார வைத்து, நான் சாய்ந்துவிடாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

கிழக்குத் தெருவில் பாக்கியத்தின் வீட்டு வாசலில் எங்கள் அண்டா மூடியபடி இருந்தது. ஈ மொய்த்தது.

"என்ன டீச்சர், விருந்து நேரத்துல?" என்று பாக்கியம் வெளியே வந்தார்.

"சாப்பிடத்தான் வந்தோம்."

"உங்க சாப்பாடு அதோ இருக்கு. எங்க தெருவுல யாரும் தொடல."

"அது வேணாம். உங்க வீட்ல என்ன இருக்கு?"

பாக்கியம் கதவை விரியத் திறந்தார். "கருவாட்டுக் குழம்பு" என்றார்.

உள்ளே சுவரோரம் தலையணை வைத்து என்னைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். பாக்கியம் தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினார். என் கணவர் பிசைந்து உருட்டி ஊட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது, குழம்பின் காரம் மட்டும் இல்லை. வந்துவிட்டோம், சாப்பிடுகிறோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பாக்கியம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை.

"டீச்சர், கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க" என்றார். "இன்னிக்கு எங்க வீட்ல சாப்பிடுறீங்க. நாளைக்குச் செத்தா, கல்லறைச் சுவருக்கு எந்தப் பக்கம் படுப்பீங்க?"

என் கணவரின் கை சோற்றோடு பாதி வழியில் நின்றது. நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.